பெட்டி இறங்காது

என் கூடப் பிறந்த அண்ணனைத் திருடன் என்று சொன்னேன். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் நாலு சுவரோடு போயிருக்கும். கட்டட சைட்டில், போனை ஸ்பீக்கரில் போட்டு, சூப்பர்வைசரும் கலவை போடுகிறவர்களும் சுற்றி நிற்கும்போது சொன்னேன். என் வீட்டுக்காரர்தான் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "எல்லாரும் கேக்கட்டும், உங்கண்ணன் லட்சணத்தை" என்றார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? எங்களிடம் இருக்கிற டிப்பர் லாரி அண்ணன் வருஷக்கணக்கில் ஓட்டியது. அவன் பெரிய வண்டிக்கு மாறியபோது வெளியாருக்குக் கொடுக்காமல் எங்களுக்கு விலைக்குக் கொடுத்தான். வண்டி ஓட்டுவது நான். ஆர்டர் பிடிப்பதும் ஆட்களிடம் பேசுவதும் என் வீட்டுக்காரர். வந்த கொஞ்ச நாளிலேயே வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஜல்லியோடு பின்னால் எடுத்து நிறுத்தி லீவரை இழுப்பேன். ஜல்லி இருக்கிற பெட்டி பாதி வரை ஏறும். அப்புறம் பம்ப் காது கிழிய ஊளையிடும், பெட்டி அந்தரத்தில் நின்றுவிடும். பின்னால் வரிசையில் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்பார்கள். அதற்கு இந்த வண்டியும் ஒத்து ஊதியது. மண்வெட்டியால் ஜல்லியை வாரி இறக்கி இறக்கி என் தோள்பட்டை விட்டுப்போனது.

மெக்கானிக் பட்டறையில் வேறு கூத்து. அங்கே மட்டும் பெட்டி சமர்த்தாக ஏறும். மெக்கானிக் முதலில் பம்புக்கான ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான், அப்புறம் எதையோ முறுக்கினான், லீவரை இழுத்தால் ஜம்மென்று தூக்கியது. "வால்வு லூசா இருந்துச்சுக்கா. முடிச்சாச்சு" என்று மூடியை மாட்டி அனுப்பினான். சைட்டுக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த தடவை ஃபில்டரை மாற்றினான். பட்டறையில் தூக்கியது, சைட்டில் நின்றது. அதற்கப்புறம் ஆயிலையே வடித்துப் புதிதாக ஊற்றினான். அதே கதைதான்.

"பம்ப் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சேதான் உங்கண்ணன் நம்ம தலையில கட்டிட்டான்" என்று என் வீட்டுக்காரர் விடிந்தால் எழுந்தால் ஓதிக்கொண்டிருந்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், நான் எம்மாத்திரம்? "இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பாத்துக்குவேன்" என்று சூப்பர்வைசர் கத்திய அன்றைக்குத்தான் போனை எடுத்து அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. "பக்கத்துல யாரெல்லாம் இருக்காங்க?" என்றான். பிறகு, "நாளைக்கு வர்றேன். பம்ப் கெட்டிருந்தா வண்டியை எடுத்துக்கிட்டுப் போறேன். எப்படி இருந்தாலும் உன் வீட்டுக்கு நான் வர்றது அதுதான் கடைசி" என்று வைத்துவிட்டான். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வரட்டும், முகத்துக்கு நேரே கேட்கிறேன் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்து அப்படியே நின்றான். அவன் கொடுத்தபோது வண்டி நீலம். 'மச்சான் கலர்ல என் வண்டி ஓடக்கூடாது' என்று என் வீட்டுக்காரர் வண்டி வந்த மறுநாளே பெயிண்ட் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துவந்து பச்சை அடித்திருந்தார். எதையும் கழற்றவில்லை, எதையும் மூடவில்லை. சக்கரத்து நட்டு, டேங்க், படி, எல்லாம் பச்சை. போதாதென்று அதன்மேல் இன்னொரு பூச்சு.

"கிளிக்கு டயர் மாட்டின மாதிரி இருக்கு" என்றான் அண்ணன்.

"என் வண்டி, என் கலரு" என்றார் இவர்.

"பெட்டியைத் தூக்கு" என்றான் அண்ணன் என்னிடம். "எதையும் திறக்காம, சைட்ல எப்படித் தூக்குவியோ அப்படி."

லீவரை இழுத்தேன். காலிப் பெட்டிதான், அதுவே பாதியில் நின்று பம்ப் அலறியது. அண்ணன் தள்ளி நின்று காதைக் கொடுத்தான். "பம்ப் சாகல. பசியில கத்துது. அதுக்கு ஆயில் போகல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆயில் போகலையா? டேங்க் நெறைய இருக்கு! புதுசா ஊத்தியிருக்கோம். இங்க வா, உன் கண்ணாலயே பாரு!" இழுத்த லீவரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடி, டேங்க் மூடியை இரண்டு கையாலும் திருகினேன். மூடி பிடித்துக்கொண்டு வர மறுத்தது. கோபத்தில் ஓங்கித் திருகினேன். மூடி நெகிழ்ந்ததும், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் மூச்சு வாங்குகிற மாதிரி, டேங்க் ஸ்ஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பம்பின் அலறல் அடங்கியது. தலைக்கு மேல் பெட்டி தானாக ஏற ஆரம்பித்தது.

அண்ணன் ஏறி லீவரைத் தள்ளிவிட்டு வந்து, என் கையிலிருந்த மூடியை வாங்கி நகத்தால் சுரண்டினான். பச்சைப் பெயிண்ட் உரிந்து வந்தது. அடியில் ஒரு சின்ன ஓட்டை.

"பெட்டி ஏறும்போது டேங்க்ல இருக்கிற ஆயில் பெட்டியைத் தூக்குற ஜாக்கிக்குப் போகும். டேங்க்ல காலியான இடத்துக்குக் காத்து வரணும். அதுக்குத்தான் இது. இதை அடைச்சா பம்ப் என்னத்தை இழுக்கும்?"

பட்டறையில் ஏன் தூக்கியது என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே வேலை முடிகிறவரை மூடி திறந்தே கிடந்தது. நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"மூடியில ஓட்டை இருக்குன்னு மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல?" என்றார்.

"சாவி குடுத்தப்பவே சொன்னேன் மாப்பிள்ளை. ஓட்டையை அப்பப்ப குத்தி விடுங்கன்னு."

இவர் தரையைப் பார்த்தார். "சொல்லியிருப்பீங்க. நான் காதுல வாங்கல."

அண்ணன் மெல்லிய கம்பியால் ஓட்டையைச் சுத்தம் செய்து மூடியை மாட்டினான். பெட்டி முழுசாக ஏறி இறங்கியது. கை கழுவினான். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

"குடிச்சிட்டுப் போண்ணா."

"திருடனுக்கு எதுக்குத் தண்ணி?"

"தப்புதாண்ணா. வாய் தவறிடுச்சு."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? கேட்டவங்க எல்லாம் அங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செம்புத் தண்ணீரை என் வீட்டுக்காரர் காலடியில் கொட்டினேன். அவர் தலைமேல் கொட்டாததே பெரிசு.

ஜல்லி ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போனோம். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். பின்னால் எடுத்து நிறுத்தி லீவரை இழுத்தேன். பெட்டி உச்சிவரை ஏற, ஜல்லி மொத்தமும் சரிந்து கொட்டியது.

"அட, தூக்கிடுச்சே!" என்றார் சூப்பர்வைசர். "உங்கண்ணன் வேற பம்ப் குடுத்துட்டாரா?"

சுருக்கென்றது. பெட்டியை மேலேயே நிறுத்திவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினேன். மணி நெடுநேரம் அடித்தது. "சொல்லு" என்றான்.

கதவைத் திறந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "எங்கண்ணன் திருடன் இல்ல! பம்ப் நல்ல பம்ப். பெயிண்ட் அடிச்சு மூடியை அடைச்சது நாங்க. தெரியாம இந்தப் பாழாப்போன வாயாலதான் சொன்னேன்!"

கலவை போடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு, "பெயிண்ட் அடிச்சவரு எங்க?" என்றான் அண்ணன்.

பெயிண்ட் அடித்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம். பெட்டியை இறக்கு."

"இறங்காது."

"என்ன, மறுபடியுமா?"

"பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. நான் இறக்க மாட்டேன். ஸ்பீக்கர்ல போடச் சொன்னது நீங்கதானே? ஸ்பீக்கர்லயே பேசுங்க."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சூப்பர்வைசர் ஓடிவந்து கத்தினார். கத்தட்டும் என்று லீவரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் கழுத்தெல்லாம் வியர்த்தது.

"மச்சான்... நான்தான்..." என்று முனகினார்.

"இங்க ஒண்ணும் கேக்கல!" என்று கீழேயிருந்து எவனோ குரல் கொடுத்தான்.

"நான்தான்யா பெயிண்ட் அடிச்சு அடைச்சேன்! மச்சான் சொன்னதை நான் கேக்கல! அவர் மேல ஒரு தப்பும் இல்ல!" இவர் கத்தின கத்தலில் ஹாரன் நின்றது.

நான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "அண்ணா, வீட்டுக்கு வருவியா?"



"முதல்ல பெட்டியை இறக்கு" என்றான். "தூக்கினபடியே வண்டியை எடுத்துடாத, மேல கரண்டு கம்பி இருக்கப்போகுது."

நான் பெட்டியை இறக்கினேன்.