டயகம மலையில் ஓடிய படம்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. நானாக யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்து ஏமாற வேண்டியதில்லை.

அக்கரப்பத்தனையில் மஃறூப் நானாவின் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டேட்டஸில் ஒரு படத்தைச் சிபாரிசு செய்வேன். நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. "பருப்பு வேகும்வரை பார்க்கலாம்" என்று எழுதுவேன். "இடைவேளைக்குப் பிறகு துணி மடிக்கலாம்" என்று எழுதுவேன். வில்லன் வீட்டுக் கண்ணாடி முழுவதும் உடைகிற படத்துக்கு "தலைவலி மாத்திரை கைவசம் இருக்கட்டும்" என்று எழுதினேன், அந்த வாரம் கடையில் மாத்திரையும் கொஞ்சம் கூடுதலாகப் போனது.*

(* தேயிலைத் தோட்டத்தில் பாட்டு வருகிற படங்களுக்கு மட்டும் தனி மதிப்பீடு வைத்திருக்கிறேன். நாயகி கூடையை முதுகில் போட்டுக்கொண்டு முற்றின இலையாகப் பார்த்துக் கிள்ளுவாள். எங்கள் தோட்டமாக இருந்தால் கங்காணி அவளைப் பல்லவியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மூடுபனி மெல்ல விலகி

(வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பனி வந்து நின்றுகொள்கிறது.)

தாயும் மகளும் பேசாமல் இருப்பதில் பல வகை உண்டு, அவற்றில் மிகவும்

(இது நான் இல்லை. பட விமர்சனம் எழுதுகிற யாரோ உள்ளே புகுந்துவிட்டார்.)

நேராகவே சொல்கிறேன். டயகமவில் நான் வளர்ந்த லயத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி சண்முகவடிவு அக்கா இருக்கிறார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய ஒரே மகள் தனுஜா கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே வலப்பனைப் பக்கத்துப் பையன் பிரதாப்பை, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். விஷயம் தெரிந்த அன்று வடிவக்கா தொலைபேசியில் சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"இனி இந்த லயத்துப் பக்கம் காலு வைக்காத."

தனுஜாவும் வைக்கவில்லை.

3

பிறகு எப்படிப் பேச்சு வந்தது என்றால், என் ஸ்டேட்டஸால். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை. தனுஜா அதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு அழைப்பாள். இந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். வடிவக்காவும் பார்த்தேன் என்பார். சுகமா என்று இருவரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். பிரதாப் என்ற பெயர் வராது. படம், படம், படம் மட்டும்தான். அழைப்பு முடிந்ததும் வடிவக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வதை என் அம்மா பார்த்திருக்கிறார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். வடிவக்கா ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அவர் வீட்டு டிவி பழுதாகிப் பல காலமாகிறது. அவருக்குப் படம் வருவது மலையில்தான். கூட வேலை செய்கிற நாகலெட்சுமி அக்கா படத்தைப் பார்த்துவிட்டு வந்து, கொழுந்து எடுத்துக்கொண்டே உரத்த குரலில் சொல்வார். அக்கம்பக்கத்துத் தேயிலை நிரைகளில் நிற்பவர்கள் கை நிற்காமல் கேட்பார்கள். சண்டைக் காட்சியில் கொழுந்து வேகமாகக் கூடைக்குப் போகும் என்பார்கள்.

4

போன மாதம் ஒரு படத்தைச் சொன்னேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் இதை மூடிவைத்துவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள். வீட்டை விட்டுப் போன மகளைத் தேடி ஓர் அப்பா பட்டணத்துக்குப் போகிறார். படம் முழுக்கத் தேடுகிறார். கடைசியில் ஒரு தையல் கடையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறாள். அப்பா வெளியே நின்று பார்க்கிறார், பிறகு தனியாகத் திரும்பிப் போய்விடுகிறார். (சிபாரிசு செய்கிறவள் முடிவைச் சொல்லக்கூடாது. இங்கே வேறு வழியில்லை, மன்னிக்கவும்.)

சில நாள் கழித்து தனுஜாவிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, நீங்க சொன்ன படத்துக்கு வேற முடிவு ஏதும் இருக்கா? கடைசியில அப்பா புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு அம்மா சொல்றாங்க. நா பாத்ததுல தனியாத்தான் போறாரு. அம்மா சொல்றது நெசமா?"

அவள் கேட்பது படத்தைப் பற்றி அல்ல என்பது மருந்துக் கடைக்காரிக்கும் புரியும்.

5

படத்தில் ஒரு காட்சியை யாராவது மாற்றிச் சொன்னால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கை தன்பாட்டில் தட்டச்சு செய்தது.

இல்ல தனுஜா, அம்மா தப்பா

அழித்தேன். இல்லை என்று சொன்னால் அவள் இனிமேல் கேட்கவே மாட்டாள். ஆமாம் என்று சொன்னால் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். வந்தபிறகு வடிவக்கா கதவைச் சாத்தினால்? அந்த முடிவு அவருடையதே இல்லை, நாகலெட்சுமி அக்கா மாற்றிச் சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார் என்றால்? ஒரு பெண் நம்பி வந்து வாசலில் நிற்பாள், நான் இங்கே இருமல் மருந்து விற்றுக்கொண்டிருப்பேன்.

இரண்டு நாள் பதில் போடவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி அக்கா முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்தார். முடிவை ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

"நா எங்க புள்ள முடிவச் சொன்னேன்? என் நிரை அதுக்கு முன்னயே முடிஞ்சிருச்சே" என்றார்.

எனக்கு மறந்தே போயிருந்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன் நிரை முடிந்தவர் இறங்கிவிட வேண்டும், படத்துக்காக நிற்க முடியாது. மீதிப் படத்தைப் பக்கத்து நிரையில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் சொல்லி முடித்தாக வேண்டும்.

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"வடிவுகிட்ட. அப்பன் கண்ணாடிக்கு வெளிய நிக்கிறான், மிச்சத்த நீ சொல்லுன்னுட்டு எறங்கிட்டேன். கொழுந்து நிறுக்கிற எடத்துலதான் மத்தவளுக சொன்னாளுக. அப்பன் உள்ள போயி, வா, வீட்ல சோறு இருக்குன்னானாம். அவ்வளவுதானாம் படம். சொல்லிட்டு அவ கொழுந்தே எடுக்காம நின்னிருக்கா. கங்காணி சத்தம் போட்டிருக்காரு."

தைலத்துக்கு மிச்சப் பணம் கொடுக்க மறந்து நின்றேன். நாகலெட்சுமி அக்கா கை நீட்டி ஞாபகப்படுத்தினார்.

7

தனுஜாவுக்கு இப்படி எழுதினேன்:

"இருக்கு. நம்ம மலையில ஓடின படம் அப்படித்தான் முடியுது. முடிச்சது அம்மாதான்."

நெடுநேரம் அவள் ஏதோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். கடைசியில், சனிக்கிழமை வருகிறோம் என்று மட்டும் வந்தது. அம்மாவிடமும் சொன்னாளாம். வடிவக்கா "ம்" என்றுவிட்டு வைத்துவிட்டாராம்.

இந்த "ம்" இருக்கிறதே, இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத இடம். எழுதுகிறவள் என்ற முறையில் வடிவக்காவை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வடிவக்கா தேயிலைத் தொழிற்சாலைச் சந்திவரை ஓடி வந்து மகளைக் கட்டிக்கொள்

(பின்னணியில் வயலின் கேட்கிறது. இடைவேளைக்குப் பிறகு துணி மடிக்கலாம்.)

கதவு பூட்டியிருக்கிறது. பிரதாப் பையைக் கீழே வைத்து

(இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தின் இயக்குநருக்கு வந்திருக்கிறது. ஆனால் அவர் அப்படி முடித்திருக்காவிட்டால் வடிவக்காவுக்கு மாற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. அந்த இயக்குநருக்கும் என் நன்றி.)

நேற்று மாலை, நான் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வடிவக்காவே வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"வலப்பனக்காரங்க ஒறப்பு கூடச் சாப்பிடுவாங்களா புள்ள?"

துடைப்பத்தோடு நிமிர்ந்தேன். உள்ளேயிருந்த மஃறூப் நானாதான், காரம் கொஞ்சம் கூடத்தான் சாப்பிடுவார்கள் என்று பதில் சொன்னார். வடிவக்கா தலையாட்டிவிட்டுப் போனார்.

8

இன்று சனிக்கிழமை. இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து டயகம போகிற பஸ் சற்று முன் எங்கள் கடை வாசலில் நின்றது. ஜன்னலோரத்தில் தனுஜா இருந்தாள். பக்கத்தில், முழங்கால்மேல் ஒரு பழப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பரீட்சை எழுதப் போகிறவனைப் போல ஒரு பையன். கடைக் கண்ணாடி வழியாக நான் கையசைத்தேன். அவள் பார்க்கவில்லை, வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். முழங்கால் வலியோடு மலையேறிப் படம் சொல்கிற நாகலெட்சுமி அக்காவுக்கு. பார்க்காத படத்தைச் சரியாக முடித்த வடிவக்காவுக்கு. தப்பு என்று எழுதியதை அனுப்புவதற்குள் அழித்த என் விரலுக்கும்கூட. இத்தனை வருடம் படம் பார்த்ததில் எனக்குக் கிடைத்த நல்ல முடிவு எந்தத் திரையிலும் ஓடவில்லை, மலையில் ஓடியது.

பஸ் வளைவில் திரும்பிய பிறகு கடையிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. என் நிரை இங்கே முடிகிறது, நான் இறங்கியாக வேண்டும். பக்கத்து நிரையில் நிற்பது நீங்கள்தான்.

தனுஜா லயத்து வாசலில் நிற்கிறாள். உள்ளே கறி கொதிக்கிற வாசம். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.