பைப்பைத் தின்ற பசை

பைப்புக் கடைக்காரருக்கு உலகத்தில் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் தங்கச்சி புருஷனுக்கு மட்டும் மனசில் தனி இடம் ஒதுக்கி வைத்திருந்தார். வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்குள் அவர் மடித்து வைத்து அனுப்பும் வசவு, பாவம், மாப்பிள்ளைக்கு ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

மாப்பிள்ளை குழாய் பதிக்கிற காண்ட்ராக்டர். கடற்கரையில் புதிதாக வந்த இறால் பண்ணைக்குக் கடல் தண்ணீர் இழுக்கிற லைனை அவர்தான் போட்டார். பைப்பு மச்சான் கடையில் வாங்கியது. துருப்பிடிக்காத எஃகு, முதல் தரம். பண்ணை திறந்து ஒரு மாதம் ஆகவில்லை. வெல்டிங் வைத்த இடத்திலெல்லாம் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழுந்து பைப்பு அழத் தொடங்கியது.

அன்று மதியத்துக்குள் கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சு: கடைக்காரர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டார். வழக்கமாக வாங்குகிற இரண்டு பேர் திடீரென்று வேறு தெருவழியாக நடக்க ஆரம்பித்தார்கள். அதுவரை கடைக்காரர் வாயால் ‘அசல்’ என்று சொன்னால் உரசிப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வாக்குதான் கடையின் முதல். அது போனால் மிச்சம் ஷட்டரும் பெயர்ப்பலகையும்தான்.

“ஏன் மாப்பிள்ளை, என் சரக்கைப் போலின்னீங்களாமே?”

“நான் சொல்லல மச்சான். ஜனங்க பேசிக்கிறாங்க.”

“ஜனங்களுக்கு வாயை வாடகைக்கு விட்டது யாரு?”

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைத் திருகினார். திருக வேண்டிய வால்வைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் திருகுகிற ஆள்.

பண்ணை முதலாளி உலோகப் பரிசோதனை செய்யும் ஒரு பெண்மணியை வரவழைத்தார். பம்ப் அறையில் எல்லாரும் கூடினார்கள். ஓட்டை விழுந்த துண்டை நெடுக்கில் அறுத்து இரண்டாகப் பிளந்தார்கள். வெளிப்பக்கத்தில் முகம் பார்க்கலாம். உள்ளே கறுப்பாக ஒரு கொழகொழப்பு. அழுகிய முட்டை நாற்றம் அறையைத் தூக்கியது. மாப்பிள்ளை முதல் ஆளாக மூக்கைப் பொத்தினார்.

அந்த அம்மா கொழகொழப்பைச் சுரண்டினார். அடியில் குழி. வாய் ஊசிமுனை, வயிறு பொந்து.

“சரக்கைச் சோதிச்சுட்டேன். அசல்தான்” என்றார்.

“அம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்குக் காது மந்தம்.”

“அசல்னா எப்படிம்மா ஓட்டை விழும்?” என்றார் முதலாளி.

“கடல் தண்ணியில இருக்கிற நுண்ணுயிர் பைப்புச் சுவர்ல ஒட்டிக்கும். பசை மாதிரி கசியவிட்டு, அந்தப் பசைக்குள்ளேயே கூட்டமா குடியிருக்கும். இந்த எஃகுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புத் தோல் இருக்கு. கீறல் விழுந்தாலும் காத்துப் பட்டா அது தானே மூடிக்கும். பசைக்கு அடியில காத்து ஏது? காத்து வேண்டாத இன்னொரு ரகம் அங்க வளரும். அது விடுற நாத்தம்தான் இது. அதுவும் உப்பும் சேர்ந்து, தோல் பலவீனமான வெல்டிங் இடமாப் பார்த்துக் குடையும். ஆமா, லைனை டெஸ்ட் பண்ணின தண்ணியை எப்போ வடிச்சீங்க?”

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். கூரை உதவிக்கு வரவில்லை.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கக் கடல் தண்ணீரையே ஏற்றியிருக்கிறார். திறப்பு விழாவில் பெரிய மனுஷர் வால்வைத் தொட்டதும் தண்ணீர் பாய்ந்து வர வேண்டுமே! அதனால் வடிக்காமல் இரண்டு முனையையும் மூடி வைத்துவிட்டார். பெரிய மனுஷர் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். கோடை முழுக்கத் தண்ணீர் உள்ளேயே வெந்து கிடந்தது.

“நல்ல தண்ணியில டெஸ்ட் பண்ணி, அன்னைக்கே வடிச்சுக் காயவிட்டிருக்கணும்” என்றார் அந்த அம்மா.

“வந்தவரு கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாரு. கிருமி குடும்பத்தோட தங்கிடுச்சு” என்றார் கடைக்காரர். “கண்ணுகூட இல்லாத ஜந்து, ஒத்துமையா வீடு கட்டி உட்கார்ந்திருக்கு. உங்களுக்கு ஒரு தண்ணியைத் திறந்துவிடத் தெரியல. போங்க, கடைத்தெருவுல நீங்களே உண்மையைச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை சொன்னார். டீக்கடை வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி: “மச்சான் பைப்பு அசல்தான்யா. அதுல கிருமி பிடிச்சிருச்சு, அவ்வளவுதான்!” தண்ணீரை வடிக்காத கதை மட்டும் டீயோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

மறுநாள் கடைக்கு வந்த படகு முதலாளி, பைப்பை எடுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார், மோந்தார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பூச்சி இருக்குமோ?”

கடைக்காரர் பொறுமையாக எல்லாம் சொன்னார். பூச்சி இருப்பது பைப்பில் இல்லை, கடல் தண்ணீரில். தேங்கினால் ஒட்டும், ஒட்டினால் குடையும். வந்தவர் தெருவில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

“சரிங்கண்ணே. பூச்சி இல்லாத பைப்பு இருக்கா?”

கடைக்காரர் அவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், அதே அடுக்கின் மறுகோடியிலிருந்து அதே பைப்பில் இன்னொன்றை உருவி, துணியால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

“இருக்கு. விலைதான் கொஞ்சம் கூட.”

“அதுக்கென்னண்ணே!” முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

“ஆனா கேரண்டிக்கு ஒரு கண்டிஷன். கடல் தண்ணியை உள்ள தேங்க விடக்கூடாது. டெஸ்ட் பண்ணினா அன்னைக்கே வடிச்சுக் கழுவிக் காயவிடணும். ஒருநாள் தவறினாலும் கேரண்டி செத்துடும்.”

இப்போது அவர் லாரியைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.