முள் ஏறினால் குதிரை ஏறும்

மலையேற்றத்தில் ஆம்புலன்ஸ் மூச்சு வாங்குகிறது என்று அதன் டிரைவரான மச்சினன் வந்து சொன்னபோது மெக்கானிக் சிரித்தார். முப்பது வருஷம் டீசல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதெல்லாம் ஒரு வியாதியா?

"முள் ஏறினா குதிரை ஏறும் மாப்ள. நாளைக்கு வந்து வண்டிய எடுத்துக்க" என்றார்.

சொன்னது பாதி சரி. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. அந்தத் திணிப்பின் அழுத்தம்தான் பூஸ்ட், அதைக் காட்டுவதுதான் மீட்டர் முள். காற்று கூடினால் டீசலைக் கூடுதலாக எரிக்கலாம், குதிரைத்திறனும் கூடும். மீதிப் பாதியையும் அவர் அறிவார், அன்று நினைக்கத்தான் இல்லை. அழுத்த அழுத்தக் காற்று சூடாகும், சூடான காற்று மெலியும், முள் காட்டுகிற அளவுக்குக் குதிரை வந்து சேராது. அத்தனை அழுத்தத்தையும் ஒரு ரப்பர் குழாய் வேறு தாங்கியாக வேண்டும். வண்டி இளைத்ததே அந்தக் குழாயில் விழுந்திருந்த கீறலால்தான். மனிதர் அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்பியின் திருகை நாலு சுற்று இறுக்கினார். முள் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குத் தாவியது, வண்டி பறந்தது. இவரும் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, மலையுச்சி சுகாதார நிலையத்திலிருந்து போன். மேலே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் அவர் மகளுக்குப் பிரசவமாகிவிட்டது. குழந்தை நலம், ரத்தம்தான் நிற்கவில்லை, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் நர்ஸ். மெக்கானிக் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய் மச்சினனின் ஆம்புலன்ஸில் ஏறினார்.

ஏழாவது வளைவில் டப்பென்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. வண்டி நாலடி நகர்ந்து நின்றுவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தார். குழாய் கீறலோடு நீளமாகக் கிழிந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் பெல்ட்டையும் பேண்டேஜையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கட்டு பிய்த்துக்கொண்டது.

"வேற வண்டி வர ஒரு மணி நேரமாகுமாம் மாமா" என்றான் மச்சினன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

ஒரு மணி நேரம். அவளிடம் அவ்வளவு ரத்தம் இருக்குமா? மெக்கானிக் எஞ்சினுக்குள் குனிந்தார். தான் இறுக்கிய திருகையே தேடிப் பிடித்து, விரல் தோல் உரிந்துபோக எட்டு சுற்று தளர்த்தினார். மறுபடி கட்டினார். முள் கால் அளவில் நின்றது, கட்டும் தாங்கியது. ஆனால் அந்தச் சக்தியில் முதல் கியரிலும் வண்டி ஏற மறுத்தது.

"ரிவர்ஸ் போடு."

"என்ன மாமா சொல்றீங்க?"

"இந்த வண்டிக்கு ஃபர்ஸ்ட்டை விட ரிவர்ஸ்லதான் இழுவை ஜாஸ்தி. திருப்பு மாப்ள, திருப்பு!"

வளைவின் அகலத்தில் எப்படியோ திருப்பினார்கள். பின்கதவைத் திறந்து வைத்துத் தொங்கிக்கொண்டே, "ஒடி... நேரா... இன்னும் ஒடி" என்று கத்தினார் மெக்கானிக். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவருக்கு இருந்தது ஆத்திரம்கூட இல்லை, வெறும் மண்டைக்கனம். உச்சி வரை மூன்று கிலோமீட்டரும் அதையே சொல்லித் தன்னைத் திட்டிக்கொண்டு வந்தார்.

மகளின் முகம் காகிதமாக வெளுத்திருந்தது. மருமகனும் நர்ஸும் தூக்கி ஏற்றினார்கள்.

"ஏன்பா இவ்ளோ நேரம்?"

"ரோடு சரியில்லம்மா" என்று முந்திக்கொண்டான் தாய்மாமன்.

"ரோடு இல்லம்மா" என்றார் மெக்கானிக். "நான்தான். குழாயப் பாக்காம திருகை முறுக்கிட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இறக்கத்துக்குப் பூஸ்ட் தேவையில்லை. வண்டி சரசரவென்று இறங்கியது. ஒரு கையால் அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டு, மறுகையால் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள் நர்ஸ். ஒவ்வொரு வளைவிலும் மெக்கானிக் கேட்டார்: "நாடி இருக்காம்மா?"

"இருக்கு."

"இப்ப?"

"இருக்குங்க. கொஞ்சம் பேசாம வாங்க."

ஆஸ்பத்திரி வாசல் கண்ணில் பட்டபோது மறுபடி கேட்டார். நர்ஸ் மணிக்கட்டில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் இருக்கையிலிருந்து நழுவி மகளின் காலடியில் உட்கார்ந்து, "ஏம்மா... ஏம்மா..." என்றார். இரண்டு கையாலும் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன்பா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல். "காலை விடுங்க. கிரீஸ் கை."