டாமராக் சதுப்பில் சுட்ட அன்னம்

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சுடப்பட்ட அன்னம் ஒன்றைத் தன் கணவன் துடுப்பால் தண்ணீருக்குள் அழுத்துவதை மார்லிஸ் தொலைநோக்கியில் பார்த்தாள்.

அவள் நின்றிருந்தது டாமராக் சதுப்பின் வடக்குக் கரையில். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த மூலையில் அதுதான் பெரிய பொது வேட்டை நிலம். வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டி, பிள்ளைகளின் கூச்சலில் காது அடைத்துப்போகிறவளுக்குச் சனிக்கிழமை காலை அங்கேதான் மூச்சு வரும். வேட்டைக் காலத்தில், சுடுகிறவர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொள்வாள். முக்காலியை ஊன்றி, காப்பிக் குடுவையைக் காலடியில் வைத்து, பறவை பார்ப்பாள். துப்பாக்கிச் சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. அப்பன் சுட்டுக்கொண்டு வந்த வாத்துகளுக்கு இறகு பிடுங்கி வளர்ந்தவள் அவள். கணவன் டுவேன் கொண்டுவரும் வாத்தையும் அவளேதான் வறுப்பாள், ருசித்தும் சாப்பிடுவாள்.

அன்னத்தைச் சுடக்கூடாது. அது சட்டம், அவள் பேருந்தில் ஏறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் அன்னம் அற்றுப்போயிருந்தது. எங்கிருந்தோ முட்டை கொண்டுவந்து, பொரிக்கவைத்து, வளர்த்து விட்டார்கள். இந்த வசந்தத்தில்தான் டாமராக்கில் முதல் ஜோடி கூடு கட்டியது. பனி உருகும்போது நாணலை இழுத்துக் குவித்ததிலிருந்து, சாம்பல் நிறக் குஞ்சுகள் பறக்கப் பழகியது வரைக்கும் மார்லிஸ் ஒரு வாரம் தவறாமல் பார்த்திருந்தாள்.

அன்று காலை அந்தக் குடும்பம் தாழப் பறந்து வந்தது. பெரியது முன்னால், குஞ்சுகள் நடுவில், மற்றது பின்னால். மேற்கு நாணலுக்குள் மறைந்திருந்த படகில் ஒருவன் எழுந்து நின்றான். ஒரே வெடி. முன்னால் வந்த பறவை காற்றிலேயே மடங்கி விழுந்தது. சுட்டவன் இடுப்பில் கைவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்த விதத்திலிருந்தே அவன் டுவேனின் வேட்டைக் கூட்டாளி கர்ட் என்று தெரிந்தது. இன்னொருவன் படகைத் தள்ளிக்கொண்டு போய், நாற்புறமும் பார்த்துவிட்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் அழுத்தினான். பிறகு எதையோ இழுத்து நாணல் வேருக்கடியில் செருகினான். அவன் திரும்பியபோது முகம் தெரிந்தது.

தெற்குப் பக்கம் போகிறேன் என்று விடியற்காலையில் சொல்லிவிட்டுப் போன டுவேன்.

மார்லிஸ் தொலைநோக்கியை இறக்கினாள். அவன் சொல்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சொல்வான்.

சாயங்காலம் டுவேன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கை கழுவி, மேசையில் உட்கார்ந்தான். அவள் சூப்பை ஊற்றினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. ரெண்டு பச்சத்தலை வாத்து. கர்ட்டுக்கு ஒண்ணுமே மாட்டல."

"தெக்குப் பக்கமா?"

"ஆமா. தெக்குப் பக்கந்தான்."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள்.

"நான் வடக்குக் கரையில நின்னுக்கிட்டிருந்தேன், டுவேன்."

அவன் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். "பனிவாத்துன்னு நெனச்சிட்டான். அதுவும் வெள்ளை, அதைச் சுடலாம். வெளிச்சம் சரியில்ல," என்றான்.

"வெயில் கண்ணைக் கூசுச்சு. உங்களுக்கு மட்டும் வெளிச்சம் இல்லையா?"

"தெரியாம நடந்துபோச்சு. அவன் என்ன, வேணும்னா செஞ்சான்?"

"சரி, அவன் தப்பா நெனச்சான். நீ என்ன நெனச்சு அதை ஒளிச்சு வெச்சே?"

டுவேன் சூப்பையே பார்த்தான்.

"வேட்டை வார்டனுக்குப் போன் பண்ணு. தெரியாம சுட்டுட்டோம்னு நீங்களே சொன்னா வார்டன் அவ்வளவு கடுமையா இருக்க மாட்டா."

"என்னால முடியாது. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யாரு வந்து இந்தக் கூரையை மாத்தினது? கர்ட்தானே? காசு வாங்கினானா?"

"அதுக்கு நன்றி சொன்னேன். இன்னிக்கும் அவன் பொறந்தநாளுக்கு நான்தான் கேக் செய்யறேன். கூரை மாத்தினவன் எதைச் சுட்டாலும் நான் மூடி மறைக்கணும்னு அன்னிக்கு யாரும் சொல்லல."

"மார்லிஸ், விடு. ஒரு பறவைதானே."

அந்த ஒரு சொல்லில் அவளுக்குள் எதுவோ பற்றிக்கொண்டது. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தாள். டுவேன் தடுக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேட்டைச் சட்டத்தைக் காக்கிற வார்டன் நோரா சோலம் மறுநாளே வந்தாள். மார்லிஸ் கரையில் நின்று இடத்தைக் காட்ட, நோரா இடுப்பளவு நீரில் இறங்கி நாணலுக்குள் கையை விட்டு இழுத்தாள். சேறு பூசிய அந்த உடம்பைக் கரையில் கிடத்தியபோது அதன் சிறகு ஓர் ஆளைவிட நீளமாக விரிந்தது. மார்லிஸ் அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துபோகும் என்று பயந்தவள் போல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பனிவாத்து என்று நினைத்தேன் என்றான் கர்ட். ஆமாம், அப்படித்தான் என்றான் டுவேன். இருவரும் ஒரே மாதிரி சொன்னதால் விஷயம் லேசாக முடிந்தது. கர்ட்டுக்கு அபராதம். ஒளித்து வைத்ததற்காக டுவேனுக்கு அந்தப் பருவம் முடியும்வரை வேட்டை கிடையாது. நோரா அவர்களை நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் நம்பாததை மட்டும் வைத்து வழக்கு எழுத முடியாது.

போன் செய்தது அவள்தான் என்று தெரிந்ததும் ஊர் மார்லிஸைத் தள்ளி வைத்தது. அவள் நுழைந்தால் கடையில் பேச்சு நின்றது. கர்ட்டின் மனைவி, பேரனைப் பேருந்தில் ஏற்றிவிட வந்தால் வணக்கம் சொல்லாமல் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை டுவேன், "மதுக்கடை மீன் வறுவல் விருந்துக்கு எப்பவும்போலப் போகலாம். போகலன்னா இன்னும் பேசுவாங்க," என்றான். போனார்கள்.

மதுக்கடை நிறைந்திருந்தது. கர்ட் நான்கு பேரோடு பெரிய மேசையில் இருந்தான்.

"பாத்துப் பேசுங்கப்பா, போலீஸ் வந்திருக்கு," என்றான். சிரித்தார்கள். "மார்லிஸ், மீன் சாப்பிடலாமா? இல்ல அதுக்கும் வார்டன்கிட்ட கேக்கணுமா?"

அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கர்ட்டுக்கு அது போதவில்லை.

"அந்த நிலத்தை எங்க லைசன்ஸ் காசுல வாங்கி வெச்சிருக்காங்க. ஓசியில வேடிக்கை பாக்க வர்றவங்க எங்களுக்குச் சட்டம் சொல்லித் தர்றாங்க."

மார்லிஸ் திரும்பினாள்.

"நானும் வருஷா வருஷம் வாத்து முத்திரை வாங்கறேன், கர்ட். அந்தக் காசும் நிலம் வாங்கத்தான் போகுது. ஒரு தோட்டாகூட சுடாம வாங்கறேன். அதனால ஓசின்னு சொல்லாத. அப்புறம், நீ வேட்டைக்காரன்னும் சொல்லிக்காத. எங்கப்பன் வேட்டைக்காரன். சுட்டதை வீட்டுக்குக் கொண்டாந்து எங்களுக்குச் சோறு போட்டான். சேத்துல செருகிட்டு வந்து பொய் சொல்லல."

மேசையில் யாரும் சிரிக்கவில்லை. கர்ட்டின் கழுத்து சிவந்தது. "டுவேன், உன் பொண்டாட்டிய அடக்கி வை," என்றான்.

டுவேன் தட்டில் இருந்த மீனைப் பார்த்தபடி இருந்தான். வாயே திறக்கவில்லை. கர்ட் சொன்னதைவிட அந்த மௌனம்தான் மார்லிஸைச் சுட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் பின்னால் வந்தான். அவள்தான் பிக்கப் வண்டியை எடுத்தாள்; அவன் பக்கத்தில் ஏறினான்.

ஊர் எல்லையைத் தாண்டும்போது அவன் பேசினான்.

"அவனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னம்னு. தூரத்துல வரும்போதே தெரியும். 'இதப் பாரு'ன்னான். எழுந்தான், சுட்டான். சிரிச்சான்."

"நீ?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நானும் சிரிச்சேன். ஏன்னு தெரியல. அப்புறம் கிட்டப் போனா... அது சாகல, மார்லிஸ். கழுத்தத் தூக்கிப் பாத்துச்சு."

அவள் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினாள். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அவன் வெகுநேரம் அழுத்தியது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. செத்ததை ஒளிக்கிறான் என்று நினைத்திருந்தாள். அவனை அறையக் கை எழுந்தது. சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கே," என்றாள்.

வண்டியைத் திருப்பினாள். நோரா சோலத்தின் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. அவள் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லு."

"கர்ட் என்னை ஜென்மத்துக்கும்..."

"கர்ட் செஞ்சதை மட்டும் சொல்லிட்டு வராத. நீ செஞ்சதையும் சேத்துச் சொல்லு. ஒரு வார்த்தை கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."

அவன் இறங்கினான். நோரா அவனை ஏற இறங்கப் பார்த்து, பிறகு வண்டியிலிருந்த மார்லிஸைப் பார்த்து, கதவைத் திறந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் வழக்கு நடந்தது. தெரிந்தே சுட்டான் என்று டுவேன் நீதிபதி முன்னால் சொன்னான். கர்ட்டின் துப்பாக்கி பறிபோனது, லைசன்ஸும் போனது. டுவேனுக்கும் போனது; அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. நீதிமன்றப் படியில் கர்ட் அவன் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஊரில் சிலர் மார்லிஸிடம் பழையபடி பேசத் தொடங்கினார்கள். அவள் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை.

வீட்டில் டுவேனின் படுக்கை கீழ் அறைக்குப் போயிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டதால் மேலே வரலாம் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவள் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னது நல்லதுதான்; அதற்காக அந்தப் பறவையின் கழுத்து நிமிர்ந்தது அவள் கண்ணைவிட்டுப் போய்விடாது. தான் பார்க்காததையும் இப்போது பார்த்தவளாகிவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அவள் முக்காலியை வண்டியில் ஏற்றும்போது அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"நானும் வரட்டுமா?"

"அது பொது நிலம். யாரு வேணும்னாலும் வரலாம்," என்றாள் மார்லிஸ். "என் வண்டியில வராத."

கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.