சுழற்கோப்பையில் என் பெயர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது என் ஓரகத்தியின் கோப்பைதான். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "அடேங்கப்பா, இது யாரு ஜெயிச்சது?" என்று கேட்டுவிடுவார்கள். "என் பெரிய மருமக" என்பார் மாமியார். சின்ன மருமகளாகிய நான் தண்ணீர் டம்ளரோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மன்றத்தில் வருடாவருடம் பெண்களுக்கு நடக்கும் கேரம் போட்டியின் சுழற்கோப்பை அது. ஜெயித்தவர் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் கோப்பை அவருக்கே சொந்தம். அக்கா, ஓரகத்தியை அப்படித்தான் கூப்பிடுவேன், இரண்டு முறை ஜெயித்துவிட்டாள். இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது நான். அதைவிடக் கொடுமை, அவள் பெயரை அதில் வெட்டியதும் நான். கோப்பை, கேடயங்களில் பெயர் வெட்டுவதுதான் என் பிழைப்பு. பதினோரு வருடமாக, ஓடியவன், தாண்டியவன், பாடியவள் என்று எல்லார் பெயரையும் வெட்டியாயிற்று. என் பெயரை எதிலும் வெட்டியதில்லை.

அக்கா பொல்லாதவளாக இருந்தாலாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தக் கொடுப்பினையும் இல்லை. நான் தினமும் மதியம் வீட்டை ஒட்டியிருக்கும் என் கடையில் பலகையைப் போட்டு ஒரு மணி நேரம் பழகுவேன். அவள் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வருவாள், மூன்றாவது விசிலுக்குள் என்னைத் தோற்கடித்துவிட்டுப் போய்விடுவாள். போகும்போது "நீ நல்லாத்தான் ஆடுற" என்று வேறு சொல்வாள். அந்த "தான்" இருக்கிறதே, அதற்கே அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருக்கலாம்.

மூன்றாவது வருடமும் இறுதி ஆட்டம் எங்கள் இருவருக்குமிடையேதான். மன்றச் செயலாளர் கோப்பையை மெருகுபோட என் கடைக்கு அனுப்பச் சொன்னார்.

"ரெண்டு பேரோட பேரையும் அளவு பார்த்து வச்சுக்கோம்மா. ஆட்டம் முடிஞ்சதும் அங்கேயே உக்காந்து வெட்டிக் குடுத்துடலாம்."

அளவைக் காகிதத்தில் பார்ப்பதுதான் வழக்கம். நான் கோப்பையின் மேலேயே பென்சிலால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். எவ்வளவு அழகாக உட்கார்ந்தது தெரியுமா! உளியை எடுத்தேன். முதல் எழுத்தின் வளைவை மட்டும், சும்மா தொட்டுப் பார்க்கத்தான். தலைநிமிர்ந்தபோது முழுப் பெயரும் வெட்டியாகியிருந்தது, வருடத்தோடு.

அடிப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். போன வருடம் மாமியார், "பழைய பேரையெல்லாம் சுரண்டிட்டா என்ன?" என்று கேட்டபோது, "சுரண்டினா வெள்ளி முலாம் போயி பித்தளை பல்லை இளிக்கும் அத்தை" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நான்தான். இனி ஜெயிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தோற்றால் ஊரே சிரிக்கும், கடைக்கு ஒருவனும் வரமாட்டான். கோப்பையைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தேன்.

இறுதி ஆட்டத்தன்று செயலாளர் வழக்கமான பேச்சை ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல, கிரேக்க நாட்டுல, கப்பு எல்லாம் கிடையாது. தோத்தவனோட வாளையும் கேடயத்தையும் பிடுங்கி, அவன் எந்த இடத்துல திரும்பி ஓடினானோ அங்கேயே ஒரு மரக்கட்டையில மாட்டி வைப்பாங்க. அதுதான் வெற்றிச் சின்னம். அதை யாரும் சாய்க்கவும் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. தானா உளுத்துப் போகணும். பகையும் அதோட போகணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மேசையின் மேலிருந்த கோப்பையைப் பார்த்தேன். என் பெயர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

கடைசிச் சுற்று வரை இழுத்தது ஆட்டம். எனக்கு இரண்டு காய் பாக்கி. அக்காவுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். அக்கா ஸ்ட்ரைக்கரை வைத்தாள். கோப்பையை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். அடித்தாள். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் சட்டத்தில் மோதித் திரும்பியது.

என் இரண்டு காயையும் போட்டேன். ஒரே கைதட்டல். கோப்பையோடு மூலையில் குனிந்து உட்கார்ந்து, வெட்டுவதுபோல் உளியை ஆட்டி, இல்லாத தூளை ஊதினேன். "அதுக்குள்ள முடிச்சிட்டியா, கைகாரிதான்!" என்றார் செயலாளர்.

வீட்டில் கோப்பையை அக்காவே வாங்கி அதே இடத்தில் வைத்தாள். சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா, அந்தக் கடைசிக் காய் எப்படித் தப்புச்சு?"

அவள் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மன்றத்துக்குப் போகுதே, ஒரு தரம் தொடச்சு அனுப்பலாம்னு காலையில துணியப் பிரிச்சேன். உன் பேரு இருந்துச்சு. சுரண்டினா முலாம் போயிடும்னு நீதானே சொன்ன? அத்தனை பேர் முன்னாடி நீ தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

"அப்ப உங்க மூணாவது வருஷம்? கப்பு உங்களுக்கே சொந்தமாயிருக்குமே?"

"போனா போகுது. இப்பவும் நம்ம கூடத்துலதானே இருக்கு. நீ சாப்பிட்டியா?"

இத்தனை நாள் அவள் கையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் மனசையும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. கையையாவது பழகிப் பிடித்துவிடலாம். மரக்கட்டை என்றால் உளுத்தாவது போயிருக்கும். இது பித்தளை, மேலே வெள்ளி முலாம் வேறு. வாரம் தவறாமல் நானே மெருகு போடுகிறேன்.

நேற்றுகூட ஒரு விருந்தாளி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "என் சின்ன மருமக" என்றார் மாமியார். தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்த அக்கா வாய்கொள்ளாமல் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.