சாவி திரும்பாத நாலு நாள்

மகளின் மேலண்ணத்தில் பொருத்தியிருந்த கம்பியின் துளையில் சாவியை நுழைத்த கமர்ஜஹான், திருகாமலேயே வெளியே எடுத்தாள். "முடிஞ்சிருச்சு, வாயை மூடு." எட்டு வயது ஹாஃபிஸா ஒன்றும் கேட்காமல் மதரஸாவுக்குக் கிளம்பினாள். டாக்டர் கொடுத்த தாளில் நான்காவது நாளாகப் பொய்யாக ஒரு டிக் விழுந்தது.

பெற்ற மகள்மேல் பொறாமைப்படுகிறவளும் உண்டா என்றால், உண்டு. தன்னைத்தானே காறித் துப்பியும் பார்த்துவிட்டாள், வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இருவருக்கும் ஒரே முகம். மேல்தாடை உள்வாங்கி, கீழ்த்தாடை முன்னே துருத்தி நிற்கும். திண்டுக்கல் கிளினிக்கில் டாக்டர் படம் போட்டே விளக்கினார். "இவளுக்கு மேல்தாடை எலும்பு நடுவுல இன்னும் இறுகலைம்மா. இந்தக் கம்பியைச் சாவி போட்டு தினம் கால் சுத்து திருகுனா அகலமாகும். அப்புறம் முன்னால இழுத்துக்கலாம். வளருற வயசுல எலும்பு சொன்னபடி கேக்கும்."

"எனக்கு டாக்டர்?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு இறுகிப்போச்சு. இனிமே ஆபரேஷன்தான்."

வயதுக்கு வந்த நாளிலிருந்து முந்தானையால் தாடையை மூடிக்கொண்டுதான் அவள் பேசுவாள். அதைப் பார்த்துத்தான் "எம்புட்டு அடக்கமான பொண்ணு" என்று மெச்சி, இன்று ஹாஃபிஸாவுக்கு அத்தாவான முனீருக்குக் கட்டிவைத்தார்கள். அடக்கமாவது மண்ணாவது! வாய்விட்டுச் சிரித்த போட்டோ ஒன்றுகூட அவளிடம் இல்லை. தனக்குத் தப்பிப்போன வயசு இவளுக்கு மட்டும் வாய்த்ததே என்று நினைக்கும்போதெல்லாம் சாவியைத் திருகாமலே உருவிவிடுவாள்.

மறுநாள் காலை சாவியை எடுக்கவேயில்லை. மதரஸா விட்டதும் கூப்பிடப் போனாள். படியிறங்கிய ஹாஃபிஸா, ஆட்களைக் கண்டதும் துப்பட்டா நுனியை இழுத்துத் தாடையை மூடிக்கொண்டாள். பக்கத்துவீட்டு குர்ஷித் பேகம் பூரித்துப்போனாள். "மாஷா அல்லாஹ், அம்மா மாதிரியே என்னா அடக்கம்!"

கமர்ஜஹானுக்கு யாரோ ஓங்கி அறைந்தது போலிருந்தது. வீடு வந்ததும் சாவியை எடுத்தாள்.

"வாயைத் தொற."

"இன்னிக்கு வலிக்குமாம்மா?"

"ஏன் கேக்குற?"

"திருகுனாத்தான வலிக்கும். நாலு நாளா வலிக்கவேயில்ல. அத்தாகிட்ட நான் சொல்லல."

கமர்ஜஹான் இடது கையால் மகளின் முகத்தைத் தாங்கி, வலது கையால் சாவியை மெல்லத் தள்ளினாள். அது திரும்பியது. ஹாஃபிஸாவின் கண்கள் நிறைந்தன. முந்தானை நழுவித் தோளில் கிடந்தது, இழுத்து மூட கமர்ஜஹானுக்குக் கை ஒழியவில்லை. திறந்த வாயோடு அண்ணாந்திருந்த மகள், அம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.