வாரத்துக்கு அரை மணி

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குருவி என்று பட்டப்பேர் வைத்தவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும். வாய் ஓயாது. நாற்பத்திரண்டு வயதிலும் ஓயவில்லை, விஷயம்தான் மாறியிருந்தது. ஆபீசில் மேலதிகாரி, வீட்டில் மாமியார், எதற்கும் வாயைத் திறக்காத புருஷன். மூன்று பேரையும் தினம் காலை பத்தரைக்கு ஒரு தடவை, மாலை நாலுக்கு ஒரு தடவை போனில் தன் சிநேகிதியின் காதில் கொட்டுவாள்.

அந்தச் சிநேகிதிக்குக் கடைத்தெருவில் கண்ணாடிக்காரி என்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். கை வேலையைப் பார்க்கும், காதில் குருவி பேசுவாள், வாய் ‘ம்’ கொட்டும். நாலு ‘ம்’முக்கு ஒரு ‘அடப்பாவமே’. பத்துக்கு ஒரு ‘நீயா இருக்கப்போய்த் தாங்குற’. ஆரம்பத்தில் மனசும் கூடவே உட்கார்ந்து கேட்டது. குருவி அழுதால் இவளும் அழுவாள். இரண்டு வருஷத்தில் மனசு எப்போதோ எழுந்து போய்விட்டது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான் இப்போதெல்லாம் கேட்டாள். குருவியிடம் மட்டும் அப்படி என்றால் போகட்டும். மகள் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றபோதும் இவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. நல்ல தாய்தான் நான், என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் உறைக்கவில்லை.

“சொல்லித் தொலையேன், தினம் போன் பண்ணாதேன்னு” என்று கண்ணாடிக்காரியின் புருஷன் அலுத்துக்கொண்டான்.

“அவளையும் விட்டா எனக்கு யாருங்க இருக்கா?”

அது வெறும் பேச்சில்லை. இவள் அப்பா செத்தபோது மற்றவர்கள் செய்தி அனுப்பி ஆறுதல் சொன்னார்கள். குருவி லீவு போட்டுவிட்டுப் பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதிசயமாக, வாயைத் திறக்காமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். மூன்று நாள் முன்னால் புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர். “தலை வலிக்குதுங்க. படிக்கட்டு மேல எழும்பற மாதிரி இருக்கு” என்று கழற்றிக் கொடுத்தார்.

பின்னறையில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தட்டு. வலது குழியில் வலது லென்ஸ், இடது குழியில் இடது. வலதைத்தான் முதலில் எடுக்கவேண்டும், தேய்த்து முடித்ததும் பவரை மறுபடி அளந்து சீட்டோடு ஒத்துப்பார்க்கவேண்டும். பதினாறு வருஷமாக அவள் கை தப்பியதில்லை. இப்போது அளந்து பார்த்தாள். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. சீட்டில் சரிபார்த்ததாக அவள் கையெழுத்தே இருந்தது. பக்கத்தில் எழுதிய நேரம் பத்து நாற்பது, குருவி காதில் பேசிக்கொண்டிருக்கும் நேரம்.

“மூணு நாளா இதைப் போட்டுக்கிட்டா வண்டி ஓட்டுனீங்க?” கடை முதலாளி கேட்டார்.

“புதுக் கண்ணாடி, பழகிடும்னு நெனச்சேன். நேத்து ஸ்டாப்புல ஓரத்துக் கல்லுல உரசிட்டேன். நல்லவேளை, யாரும் நிக்கல.”

டிரைவர் சிரித்தார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடிக்காரிக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. “மாத்தித் தர்றேங்க, மன்னிச்சிடுங்க” என்றாள். வயிறு கலங்கியிருக்கவேண்டாமா என்று கேட்டுப் பார்த்தாள். வயிறு பேசாமல் இருந்தது. அப்போதுதான் பயப்படவேண்டிய விஷயம் இது என்று அவள் அறிவுக்கு எட்டியது.

நாலு மணிக்குக் குருவி கூப்பிட்டாள். “இன்னிக்கு அந்த மனுஷன் என்ன பண்ணான் தெரியுமாடி...”

“நில்லுடி. இனிமே வேலை நேரத்துல எடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பேசலாம். அரை மணி. அவ்ளோதான் என்னால முடியும்.”

“நான் உனக்குப் பாரமாடி?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “ஆமா” என்று வந்தது.

“பதினோரு நாள் உன்கூட உக்காந்திருந்தேனே. ஒரு நாளாவது முகம் சுளிச்சேனா?”

“இல்ல.”

குருவி அழுதாள். வழக்கமான அழுகை இல்லை, கீச்சுக்குரலே இல்லாத அழுகை. போன் கட்டானது. கண்ணாடிக்காரி அடுத்த தட்டை இழுத்து வலது லென்ஸை எடுத்தாள்.

புதன், வியாழன், யாரும் கூப்பிடவில்லை. காது காலியாக இருந்தது. உறவு அறுந்தது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது. குருவி தணிந்த குரலில் மாமியாரைச் சொன்னாள், மேலதிகாரியைச் சொன்னாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். “இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு. மீதி எட்டு உன்னோடது. பேசு.”

“எனக்கு என்ன இருக்கு பேச.”

“தெரியாது. இத்தனை நாள் நான் கேட்டதே இல்லையே.”

கண்ணாடிக்காரி சுவரைப் பார்த்தாள். தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் சொன்னாள்.

“லென்ஸை மாத்தி மாட்டி ஒரு டிரைவரைக் கொல்லப் பாத்தேன். எனக்குப் பதறல. அன்னிக்கு உன்னை அழவெச்சேன். அதுக்கும் வருத்தம் வரல. எதுவுமே வர்றதில்லடி எனக்கு.”

குருவி சொன்னாள்.

“எனக்கு வருத்தம் வந்துது. இப்பவும் இருக்கு. ஆனாலும் இன்னிக்குக் கூப்பிட்டேன்.”

அதைக் கேட்டும் இவளுக்கு அழுகை வரவில்லை. நன்றி என்று ஒன்று வரவேண்டிய இடம் என்பது மட்டும் தெரிந்தது. “வெச்சிடட்டுமா?” என்று குருவி கேட்டாள். அரை மணி முடிந்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

“வெக்காதே” என்றாள் கண்ணாடிக்காரி.